பதின்மூன்று அங்குல நூல்

உ

காஜா பெராங், மலாக்கா
12-5-1957, ஞாயிறு

சேது தம்பிக்கு,

இன்று காலை, நீ வரைந்து அனுப்பிய முற்றத்துப் படத்தைப் பார்த்தபோது உடன் இருந்தவர்கள்: நான், பக்கத்து வீட்டு யூசுப் பாய், அவர் மனைவி சபியா, தச்சர் சுப்பையன். ஆக நாலு பேர். மகள் விஜயா கோயிலுக்குப் போயிருந்தாள், அவளைச் சேர்க்கவில்லை. "யார் பார்த்தது, யார் சொன்னது" என்று நீ பிறகு வழக்காடுவாய் என்பதால் இதை முதலிலேயே எழுதிவிட்டேன்.

நாலு பேரும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். பொருந்தவில்லை.

நீ எழுதியபடிதான் எல்லாம் செய்தேன். நீ படத்தை வரைந்த பழைய எக்ஸ்ரே பிலிமின் ஓரத்தில், எவ்வளவு கழுவியும், யாருடைய விலா எலும்போ மங்கலாகத் தெரிகிறது. விபூதி இட்டுக்கொண்டுதான் தொட்டேன். அதை ஒட்டக் கண்ணாடிக்கு எங்கே போவது? சாமி படத்தைக் கழற்ற மாட்டேன். கூடத்தில் கம்பெனி கொடுத்த ராணி படம் இருக்கிறதே, அதில் எடுத்தேன். ஆகஸ்டு முடிந்து சுதந்திரம் வந்தால் அது எப்படியும் இறங்கத்தான் போகிறது.

உனக்கு அனுப்ப யூசுப் பாய் முற்றத்தைப் போட்டோ எடுத்த அதே இடத்தில், அடுக்களைப் பின்வாசலில், சுண்ணாம்பு அடையாளத்தின்மேல் நின்றேன். கண்ணாடிச் சட்டத்தில் பதின்மூன்று அங்குல நூல் கட்டி, மறுமுனையைப் பல்லில் கடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். கண்ணாடியில் நீ வரைந்தது நம் முற்றத்தின்மேல் அப்படியே போய் உட்காரும், கட்டாத படியைக் கட்டியது போலப் பார்க்கலாம் என்றாய். இங்கே உன் கிணறு நம் கிணற்றுக்கு மேலே ஒரு முழம் எழும்பி நிற்கிறது. உன் படிகள் வாசலை விட்டுக் கழன்று காற்றில் தொங்குகின்றன.

"அக்கா, இந்தப் படியில ஏறுனா நேரா மேலோகந்தான்" என்றார் சுப்பையன். சபியா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 29, சனிக்கிழமை உன் அண்ணனை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கிடங்கில் லோரி பின்னால் வந்து இடித்ததில் இடது கால் முட்டிக்கு மேலே போய்விட்ட மனிதர். குளிக்கவும் கக்கூசுக்கும் இங்கே நாலு படி இறங்கி, இருபத்திரண்டு அடி போக வேண்டும். ஆஸ்பத்திரியில் இரண்டு ஆள் தூக்கிக்கொண்டு போகும்போது சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வீட்டிலும் அப்படி ஆகக் கூடாது. யாரும் தொடாமல் அவரே போய்வர வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அதற்குத்தான் சரிவாக ஒரு பாதை கேட்டேன். நீ படி வரைந்து, கைப்பிடி வைத்து அனுப்பியிருக்கிறாய். அதுவும் காற்றில்.

அண்ணி
பூங்காவனம்

---

சிங்கப்பூர்
16-5-57

அண்ணிக்கு வணக்கம்.

படம் தப்பில்லை. எங்கள் அலுவலகத்துப் பெரிய டிராப்ட்ஸ்மேனிடமும் காட்டிவிட்டேன். போட்டோவைப் பெரிதாக்கி, அதன்மேல் பிலிமை வைத்து, மயிரிழை பிசகாமல் வரைந்தது. தப்பு அங்கேதான் நடக்கிறது. நூலைத் தளரவிட்டிருப்பீர்கள். இல்லையென்றால் அடையாளம் நகர்ந்திருக்கும். அடுக்களை வாசலைத் தினமும் இரண்டு தடவை கழுவுகிறவர் நீங்கள். சுண்ணாம்பு அழிந்தபின் மறுபடி போட்டது யார்? நீங்களா, யூசுப் பாயா? அதை எழுதவில்லை.

சரிவு விஷயம். சரிவு வண்டிக்கு, மனிதனுக்குப் படி. அண்ணன் கக்கத்தில் கட்டை வைத்து நடப்பார். ஒரு வருஷத்தில் மரக்கால் போட்டுக்கொள்வார். பாசாருக்கு நடந்து போய் மீன் வாங்கிவருவார். அப்போது அந்தச் சரிவில் கோழிதான் மேயும்.

இரண்டாவது தாளை இத்துடன் அனுப்புகிறேன். ரம்புத்தான் மரத்தடியில் காயும் துணிகளை முதலில் எடுத்துவிடுங்கள். அந்த மூலை வீணாகக் கிடக்கிறது. கக்கூசுக்குப் போகும் பாதையை அதன் வழியாகவே, மழைக்குக் கூரையோடு போட்டிருக்கிறேன். மூன்று ராத்திரி வேலை. இந்தத் தடவையாவது நேராக நின்று பாருங்கள்.

சேதுராமன்

---

காஜா பெராங்
20-5-57, திங்கள்

சேது,

துணியா?

ரம்புத்தான் மரத்தடியில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாதா? பதினைந்து வருஷம் இந்த வீட்டில் சோறு தின்றவன் நீ. சிகரெட் குடித்துவிட்டு அந்த மூலைக்குப் பயந்து, வேலியைச் சுற்றிக்கொண்டு வருவாயே, நான் பார்த்ததில்லை என்று நினைத்தாயா? அங்கே நிற்பது நம் முனியாண்டி சூலம். உத்தரவு கேட்காமல் முனியைப் போட்டோ பிடிக்கக் கூடாது. பாய் கேமராவோடு வந்த அன்று பூசாரியும் ஊரில் இல்லை. அதனால் நாலு கம்பு நட்டு, என் சிவப்புப் புடவையைக் கட்டி மறைத்தேன். அதைத்தான் நீ துணி காய்கிறது என்று நினைத்து, கக்கூசுக்குப் போகிற வழியை முனி தலைமேலேயே போட்டிருக்கிறாய். கூரையோடு!

சபியாகூடப் பார்த்துவிட்டு, "யா அல்லா, ஒங்க கொழுந்தனுக்கு ரொம்பத் தைரியம்லா" என்றாள். எலுமிச்சம்பழமும் சுருட்டும் வைத்து, உன் பேரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டேன். புடவை கட்டியதை உனக்கு எழுதாதது என் தப்புத்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்ணில் படுவதை மட்டும் வைத்துக்கொண்டு "வீணாகக் கிடக்கிறது" என்று எழுதுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அடையாளத்தைப் பற்றிக் கேட்டாய். வாசலைக் கழுவும் முன்பே ஆணி அடித்துவிட்டேன். நகரவில்லை. நூலும் தளரவில்லை. கடித்துக் கடித்து என் கடைவாய்ப் பல் வலிக்கிறது. எப்போது, எந்தக் கண்ணால், யார் பார்த்தது என்று நோட்டில் குறித்திருக்கிறேன். இதுவரை பதினொரு தடவை. பதினொரு தடவையும் உன் கிணறு மேலேதான் நிற்கிறது.

இன்னொன்று.

இதை எழுத உட்கார்ந்து இரண்டு முறை எழுந்து போய்விட்டேன். கட்டை வைத்து நடப்பார் என்கிறாய். கட்டை வைப்பதற்கு ஒரு கால் தரையில் ஊன்ற வேண்டும். வலது கணுக்காலும் நொறுங்கித்தான் இருக்கிறது. அது இனி எடை தாங்காது என்று ஏப்ரல் கடைசியில் டாக்டர் சொன்னார். கந்தசஷ்டிக் கவசம் நூற்றெட்டு முறை சொல்கிறேன் என்று வேண்டிக்கொண்டு, அதற்குள் மாறும், மாறியபின் உனக்கு எழுதலாம் என்று இருந்தேன். எண்ணிக்கை முடிந்துவிட்டது. டாக்டர் பேச்சு மாறவில்லை.

ஆகவே சரிவு. சக்கரம் வைத்த நாற்காலிக்கு.

பூங்காவனம்

---

சிங்கப்பூர்
25-5-57

அண்ணிக்கு,

ஒரு மாதம் மறைத்தீர்கள். மறைப்பதற்கு உங்கள் வீட்டில் புடவைக்குப் பஞ்சமில்லை போலிருக்கிறது.

நான் இங்கே ராத்திரியெல்லாம் கைப்பிடி எந்த உயரம், படி எந்த அகலம் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கைப்பிடியை அவர் பிடிக்கவே போவதில்லை என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, பொருந்துகிறது பொருந்தவில்லை என்று எழுதிக்கொண்டிருந்தீர்கள்.

டாக்டர்கள் சொல்வதெல்லாம் நடந்துவிடுவதில்லை. சின்ன வயசில் எனக்கு டைபாய்டு வந்தபோதும் டாக்டர் கையை விரித்தார். அண்ணன்தான் தோளில் போட்டுக்கொண்டு வேறு டாக்டரிடம் போனார்.

சரிவு சரிவு என்கிறீர்களே, கணக்கைப் பாருங்கள். மூன்றடி உயரத்துக்கு ஒரு ஆள் தானே சக்கரத்தைத் தள்ளி ஏற வேண்டுமானால் முப்பத்தாறு அடி நீளம் வேண்டும். இருப்பது இருபத்திரண்டு. முனி மூலைப் பக்கம் போகக் கூடாது. வேலிக்கு அந்தப் பக்கம் சபியா அக்கா வீடு. எங்கே திருப்பட்டும்? கிணற்றுக்குள்ளா?

படியையே அகலமாக்கி, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து மூன்றாவது தாளை அனுப்பியிருக்கிறேன். கட்டி வையுங்கள். கால் சரியாகும்போது வேண்டியிருக்கும்.

லீவு கேட்டேன், இல்லை. ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு நாற்பது தாள் பாக்கி.

சேது

---

காஜா பெராங்
2-6-57, ஞாயிறு

சேது தம்பிக்கு,

உன் படம் தப்பில்லை. இதை முதல் வரியில் எழுத வேண்டும் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன். மற்றதையும் படி.

மூன்றாவது தாளையும் ஒட்டி, வழக்கம்போல நின்று பார்த்தேன். வழக்கம்போலக் காற்றில். அரை மணி நேரம் நகர்ந்து நகர்ந்து பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கண்ணாடியைக் கிணற்றில் போட்டிருப்பேன். நூல் வாயில் இருந்ததால் திட்டக்கூட முடியவில்லை. அப்படியே பின்னால் இருந்த முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததும் கிணறு கிணற்றின்மேல் இறங்கியது. வேலி வேலியோடு சேர்ந்தது. பப்பாளி மரம், துவைகல், எல்லாம் கோட்டுக்குக் கோடு. உன் படிகள் நம் வாசலிலிருந்து, நேற்றுக் கட்டியதுபோல இறங்குகின்றன.

வேலியோரம் நின்று யூசுப் பாயைக் கூப்பிட்டேன். "பாய், போட்டோ எடுக்கும்போது கேமராவ எங்க வச்சிங்க?"

"வேற எங்க வப்பாங்க? இந்தா, வயித்துகிட்ட. இது மேல குனிஞ்சு பாக்குற பொட்டிலா, கண்ணுல வச்சா ஒண்ணும் தெரியாது."

"இத ஏன் மூணு வாரமாச் சொல்லல?"

"நீங்க எங்க நின்னேன்னுதான கேட்டீங்க?"

நாலு பேரும் மூன்று வாரமாக நின்றுகொண்டே பார்த்திருக்கிறோம். நீயும் "நேராக நின்று பாருங்கள்" என்று எழுதினாய். உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம் அது.

சரி, பொருந்திவிட்டதே என்று சந்தோஷப்படாதே. முக்காலியில் உட்கார்ந்த உயரத்திலிருந்து உன் படியைப் பார்த்தேன். இரண்டாம் படிக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல இருக்கிறது. உன் கைப்பிடி என் நெற்றிக்கு நேராக ஓடி, முற்றத்தையே மறைக்கிறது. எனக்கு இரண்டு காலும் இருக்கிறது. எனக்கே முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது.

இதை நான் எழுதுவதைவிட நீ பார்த்திருக்க வேண்டும். லீவு இல்லை என்கிறாய். ஏப்ரல் ஏழாம் தேதி லீவு இருந்தது. வந்தாய். வார்டு வாசலில் பதினைந்து நிமிஷம் நின்றாய். கட்டிலருகே வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாய். அடுத்த பஸ் ஐந்து மணிக்கு இருந்தது, எனக்குத் தெரியும்.

உன் அண்ணன் விழித்துக்கொண்டுதான் இருந்தார். நீ நின்றதைப் பார்த்தார். அன்றைக்கு எழுதக் கூடாது என்று விட்டேன். இன்றைக்குக் கோபத்தில் எழுதுகிறேன்.

பூங்காவனம்

---

சிங்கப்பூர்
7-6-57

அண்ணி,

தூங்குகிறார் என்று நினைத்தேன்.

இதற்குமேல் எழுதிய ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அவர் ஏதாவது சொன்னாரா? சொல்லியிருந்தால், இருந்தபடியே எழுதுங்கள்.

நாலாவது தாள் இத்துடன். சரிவுதான். முனி மூலையைத் தொடாமல் மூன்று இடத்தில் திருப்பி, முப்பத்தெட்டு அடி. அளவெல்லாம் சரி, நாற்காலி திரும்பும். ஆனால் முற்றம் முழுக்க அடைத்துக்கொண்டு ஆட்டுப்பட்டி மாதிரி இருக்கிறது. துணி காயப்போட இடமில்லை. மழை நாளில் அந்தப் பலகை வழுக்கும். அவர் இதில் தினமும் வளைந்து வளைந்து போவதை நினைத்தால்... எனக்குப் பிடிக்கவில்லை. வேறு வழியும் தெரியவில்லை.

அவரிடம் காட்டாதீர்கள்.

சேது

---

காஜா பெராங்
11-6-57, செவ்வாய்

சேது தம்பிக்கு,

காட்டிவிட்டேன்.

காட்ட வேண்டும் என்று போகவில்லை. நீ பெரிதாக்கி அனுப்பிய போட்டோவையும் தாளையும் சுப்பையனிடம் காட்ட, பையில் வைத்துக்கொண்டு நேற்று டவுனுக்குப் போனேன். அவர் கடையில் இல்லை. மலாக்காத் தச்சர் எல்லாரும் மெர்டேக்கா வளைவு கட்டப் போய்விட்டார்கள். இந்த ஊரில் இப்போது ஒரு முக்காலிக்குக் காலொடிந்தால்கூடச் சுதந்திரம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழம் எடுக்கும்போது பையில் இருந்தது வெளியே வந்துவிட்டது.

"என்னா அது?"

"ஒண்ணுமில்ல. நம்ம பின்வாசல் முத்தம்."

வாங்கினார். போட்டோவின்மேல் தாளை வைத்துப் பிடித்துக்கொண்டார். பிறகு, "இது என்னா, மாட்டுக் கொட்டாயா?" என்றார்.

"நீங்க போய்வர்றதுக்கு. சேது வரஞ்சது."

"கோடு அழகாத்தான் போடுறான்." விரலை வைத்து, உன் பாதையில் முதல் திருப்பம், இரண்டாம் திருப்பம், மூன்றாம் திருப்பம் என்று ஓட்டிக்கொண்டே போனார். கிணற்றருகே நிறுத்தினார். "இவ்ளோ தூரம் சுத்தி நான் ஏன் கெணத்துக்குப் போவணும்?"

"குளிக்க வேணாமா?"

"தண்ணியிலதான குளிக்கிறது? கெணத்துலயா குளிக்கிறது? தண்ணிய மேல கொண்டாங்க. கால் இல்லாதவன எறக்கி ஏத்துறதவிட அது லேசு."

அவர் நர்சிடம் சிவப்புப் பென்சில் வாங்கி, அடுக்களைச் சுவரோடு ஒட்டி, குளியலுக்கும் கக்கூசுக்குமாக ஒரு கட்டம் போட்டார். படுத்துக்கொண்டே போட்டதால் கோணலாகத்தான் வந்தது.

"அடுக்களய ஒட்டி கக்கூசா? சாமிக்கு நைவேத்தியம் பண்ற எடம்" என்றேன்.

"அடடா, தாயே! அப்ப படுக்குற ரூம்பு பக்கம் தள்ளு." அதை அடித்துவிட்டு, போட்டோவின் இடது ஓரத்தில் படுக்கையறைச் சுவர் தெரிகிறதே, அங்கே இன்னொரு கட்டம் போட்டார். வீட்டுத் தரைக்குச் சமமாகத் தூண் நட்டுப் பலகையடிக்க வேண்டுமாம். சுவரில் ஒரு கதவு. வெளியே உயரத்தில் தண்ணீர்த் தோம்பு, பெரிய பீப்பாயாக; அதிலிருந்து உள்ளே ஒரு குழாய். காலையில் நானும் விஜயாவும் இறைத்து ஊற்றினால் போதும். கக்கூஸ் வாளி எடுக்க வருகிறவர் கீழே இருந்தே எடுத்துக்கொள்வார். கட்டிலிலிருந்து பதினோரு அடி. ஒரு படி இல்லை, ஒரு சரிவு இல்லை. முனி அவர் பாட்டுக்கு நிற்கிறார்.

எனக்கு வந்ததென்னவோ கோபம்தான். ஆறு வாரம், நாலு தாள், பல்வலி, சண்டை. அந்த வழியில் போகப்போகிறவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ அவரை நடக்க வைத்தே தீருவேன் என்று நின்றாய். நான் அவருக்கு எதுவும் தெரியக் கூடாது என்று மறைத்துக்கொண்டே இருந்தேன். கணுக்கால் விஷயம் அவருக்கு எனக்கு முன்பே தெரியுமாம். டாக்டர் பேசியது ஆங்கிலமானாலும், தன் காலைப் பற்றித்தான் பேசுகிறார் என்று தெரியாதா என்று கேட்டார்.

நீ கேட்டதற்குப் பதில். இருந்தபடியே எழுது என்றாய். அன்றைக்கு நீ போனபின் அவர் சொன்னது இவ்வளவுதான்: "பய பயந்துட்டான்." வேறு ஒன்றும் சொல்லவில்லை. நேற்றுத்தான், நான் கிளம்பும்போது ஒன்று சொன்னார்.

"கதவுக்கு உள்பக்கம் கொண்டி வேணும். நானே போட்டு, நானே தெறக்கணும். எட்டலன்னு யாரையும் கூப்புட மாட்டேன். அத மட்டும் சேதுகிட்ட சரியா வாங்கிக்க. மத்ததுக்கு நீங்க ரெண்டு பேரும் சண்ட போட்டுக்குங்க."

இனி உன் வேலை. சுப்பையனை வீட்டுக்கே போய்ப் பிடித்துவிட்டேன். வருகிற திங்கள், 17ஆம் தேதி வருகிறேன் என்கிறார். விட்டால் இரண்டு வாரம் தலைகாட்ட மாட்டார். 29ஆம் தேதிக்குள் முடியாது. கொண்டியும் குழாயும் எந்த உயரம் என்று தெரியாமல் சுவரடிக்க முடியாது. சக்கர நாற்காலியை 24ஆம் தேதிதான் தருவார்களாம். அதுவரை அவரை நிமிர்த்தி உட்கார வைக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. நான் உட்கார்ந்து அளந்தால் என் கை குட்டை.

உன் உடம்பும் அவர் உடம்பும் ஒரே அளவு. சிங்கப்பூருக்கு முதல் வேலைக்குப் போனபோது அவர் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனாய், கை நீளம்கூடச் சரியாக இருந்தது. அதனால் நீ பதினெட்டு அங்குல உயர நாற்காலி ஒன்றில் உட்கார். கால் இரண்டையும் தரையில் ஊன்றாதே, முன்னால் ஒரு பெட்டியின்மேல் நீட்டி வை. முன்னால் சாயாமல், எழும்பாமல் கையை நீட்டு. கதவுக் கொண்டி தரையிலிருந்து எத்தனை அங்குலம், குழாய் எத்தனை அங்குலம், பிடித்துக்கொள்ளும் கம்பி எத்தனை அங்குலம் என்று மூன்று அளவையும் எழுது. படம் வேண்டாம். அளவு போதும்.

வெள்ளிக்கிழமைக்குள் தபாலில் போட்டால்தான் திங்களுக்குள் எனக்குக் கிடைக்கும். சீக்கிரம் பதில் எழுது.

அண்ணி
பூங்காவனம்